எத்தனை வருஷம் டாக்டர்?

1/ போன வாரம் நைட் டூட்டி. கேஷுவாலிட்டியில கூட்டம் கொஞ்சம் அடங்கின நேரம். எங்க ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளுற அண்ணன் டீயை நீட்டிக்கிட்டே கேட்டார்: "டாக்டர், ஹார்ட் ஆபரேஷன் பண்ற டாக்டர் ஆகணும்னா மொத்தம் எத்தனை வருஷம் படிக்கணும்?"

2/ அவர் பொண்ணு அரசுப் பள்ளியில படிச்சு, 7.5% ஒதுக்கீட்டுல எம்பிபிஎஸ் சேர்ந்தவ. இப்போ ரெண்டாவது வருஷம். நான் யோசிக்காம, "ஒரு பதினொண்ணு பன்னெண்டு வருஷம்ணே" அப்படின்னுட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "எனக்கு இன்னும் 9 வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. பரவால்ல, ஒட்டி வந்துரும்"னு சொல்லிட்டு அடுத்த கேஸுக்குப் போயிட்டார்.

3/ டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கிட்டே இருந்தது. நான் சொன்ன பதில் புத்தகத்துல இருக்கிற பதில். உண்மையான பதில் வேற. அதைத்தான் இந்த த்ரெட்ல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

4/ முதல்ல காகிதக் கணக்கு. எம்பிபிஎஸ் நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் 1 வருஷம். ஆக 5.5. அதுக்கு மேல எம்டி அல்லது எம்எஸ் 3 வருஷம். அதுக்கும் மேல இதயம், மூளை, சிறுநீரகம்னு தனித்துறை வேணும்னா டிஎம் அல்லது எம்சிஹெச் இன்னொரு 3 வருஷம். மொத்தம் 11.5. 18 வயசுல சேர்ந்தா 30க்குள்ள இதய அறுவை நிபுணர். கேக்க நல்லாத்தான் இருக்கு.

5/ இப்போ நிஜக் கணக்கு. எம்பிபிஎஸ் முடிச்ச மறுநாளே யாரும் பிஜி சேர்றது இல்ல. நடுவுல நீட் பிஜி இருக்கு. முதல் முயற்சியிலயே விரும்பின துறை கிடைக்கிறவங்க கொஞ்சம் பேர். மத்தவங்களுக்கு ஒரு வருஷம், ரெண்டு வருஷம், சிலருக்கு அதுக்கும் மேல போகுது. அப்புறம் எம்எஸ் 3 வருஷம். அரசுக் கல்லூரின்னா பாண்ட் சர்வீஸ். அப்புறம் நீட் எஸ்எஸ். அதுக்கு ஒரு காத்திருப்பு. அப்புறம்தான் எம்சிஹெச். 30ங்கறது சத்தமில்லாம 33, 34 ஆயிடும்.

6/ காத்திருப்புன்னா படிக்கிற பிள்ளையோட சோம்பேறித்தனம்னு நினைச்சுடாதீங்க. 2021 நீட் பிஜி ஏப்ரல் 18ன்னு அறிவிச்சாங்க. நடந்தது செப்டம்பர் 11. கலந்தாய்வு தொடங்கினது 2022 ஜனவரியில. கோவிட் ஒரு காரணம், இட ஒதுக்கீட்டு வழக்கு இன்னொரு காரணம். காரணம் எதுவா இருந்தாலும் ஒரு பேட்ச் முழுக்க கிட்டத்தட்ட ஒரு வருஷத்தை இழந்தது.

7/ 2024ல கோவிட் இல்லையே? தேதி மாறி மாறி ஜூன் 23ன்னு முடிவாச்சு. முந்தின நாள் ராத்திரி ஒத்திவைச்சாங்க. வெளியூர் சென்டர் விழுந்தவங்க லாட்ஜ்ல ரூம் போட்டு உக்காந்திருந்தாங்க. தேர்வு நடந்தது ஆகஸ்ட் 11. அதே 2024க்கான நீட் எஸ்எஸ் எப்போ நடந்தது தெரியுமா? 2025 மார்ச் கடைசியில.

8/ இந்த மாதங்களை எந்தப் பட்டமும் கணக்குல காட்டாது. ஆனா ஒரு 25 வயசுப் பிள்ளையோட வாழ்க்கையில இது நிஜமான காலம். பிஜி சேர்ந்துட்டா ஸ்டைபண்ட் வரும். காத்திருக்கிற வருஷத்துக்கு ஸ்டைபண்ட் கிடையாது. கோச்சிங் ஃபீஸ், ரூம் வாடகை, சாப்பாடு. வசதியான வீடுன்னா இது "பிரிபரேஷன் இயர்". ஸ்ட்ரெச்சர் தள்ளுற அண்ணன் வீட்டுல இதுக்குப் பேர் கடன்.

9/ "அரசு சர்வீஸ்ல சேர்ந்து சம்பாதிச்சுக்கிட்டே படிக்கலாமே?" அந்த வழி இருக்கு. தமிழ்நாட்டுல பிஜி இடங்கள்ல 50% அரசு மருத்துவர்களுக்குன்னு ஒதுக்கீடு உண்டு. எங்களை மாதிரி ஆட்களுக்கு அது பெரிய வாசல். நானும் அந்த வரிசையிலதான் நிக்கிறேன். ஆனா அதுக்கும் முதல்ல சில வருஷம் சர்வீஸ் பார்க்கணும். முப்பதைத் தாண்டித்தான் பிஜி முதல் வருஷம். வழி நல்ல வழி, தூரம்தான் ஜாஸ்தி.

10/ இப்போ வேற ஒரு கணக்கு பாருங்க. அமெரிக்காவுல பள்ளி முடிச்சு 4 வருஷம் காலேஜ், 4 வருஷம் மெடிக்கல் ஸ்கூல். 26 வயசுல டாக்டர். அதுக்கு மேல "ரெசிடென்சி". அதோட காலம் துறைக்குத் துறை மாறும். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் 3 வருஷம். மனநலம், மயக்கவியல், மகப்பேறு, தோல் 4. எலும்பு, பொது அறுவை 5. மூளை அறுவை 7.

11/ அங்க இதய அறுவை நிபுணர் ஆக, பொது அறுவை 5 முடிச்சு மேல ரெண்டு மூணு வருஷம். அல்லது நேரடியா 6 வருஷ ஒருங்கிணைந்த பயிற்சி. வெளிய வரும்போது 32லிருந்து 34 வயசு. கவனிச்சீங்களா? அந்த ஊர் டாக்டரும் நம்ம ஊர் டாக்டரும் கிட்டத்தட்ட ஒரே வயசுலதான் வந்து சேர்றாங்க. அவங்களுக்கு அந்த வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல போகுது. நமக்கு அதுல ஒரு பங்கு லைப்ரரியிலயும் கோர்ட் தீர்ப்புக்குக் காத்திருக்கறதுலயும் போகுது.

12/ சரி, அவங்களுக்கு 3, 4, 5, 7ன்னு இருக்கு. நமக்கு? பொது மருத்துவம் 3. பொது அறுவை 3. எலும்பு 3. தோல் 3. கண் 3. மனநலம் 3. மயக்கவியல் 3. லேப்ல உக்காந்து திசுவைப் பார்க்கிற நோய்க்குறியியலும் 3. எம்பிபிஎஸ் முடிச்சதும் நேரடியாச் சேர்ற 6 வருஷ நியூரோசர்ஜரி மாதிரி சில விதிவிலக்கு உண்டு. மத்தபடி எல்லாத்துக்கும் ஒரே அளவு சட்டை.

13/ தோல் டாக்டருக்கு 3 வருஷம் ஜாஸ்தின்னு நான் சொல்லல. தோல் ஒரு கடல். நான் கேக்கறது, வயிறு திறந்து குடல் ஒட்டுற வேலையும் நுண்ணோக்கியில செல் பார்க்கிற வேலையும் சரியா ஒரே நாள்ல எப்படிக் கை வரும்? நிர்வாகத்துக்கு ஒரே அட்மிஷன், ஒரே தேர்வு, ஒரே பட்டமளிப்புங்கறது வசதி. நோய்க்கு அந்த வசதி தெரியாது.

14/ இதோட விளைவு டாக்டர்களுக்குத் தெரியும், வெளிய யாரும் பேசறது இல்ல. எம்எஸ் முடிச்ச பலர் உடனே தனியா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. ஒரு சீனியர்கிட்ட ஒரு வருஷம் ரெண்டு வருஷம் "கை பழக" சேருவாங்க. நேர்மையான ஆள்தான் அப்படிச் சேருவார். ஆனா அந்த வருஷத்தை எந்த விதியும் கட்டாயப்படுத்தல, எந்தச் சான்றிதழும் காட்டல. சேராதவர் போர்டுலயும் அதே எம்எஸ்தான் இருக்கும்.

15/ அப்போ நம்ம ஊர்லயும் 5 வருஷம், 7 வருஷம்னு இழுத்துடலாமா? அவசரப்படாதீங்க. வருஷம்ங்கற அளவுகோலே கொஞ்சம் கோணல். உள்ள எத்தனை மணி நேரம் இருக்குன்னு பார்க்கணும்.

16/ "ரெசிடென்ட்"னு ஏன் பேர் வந்தது? ஆஸ்பத்திரியிலயே குடியிருந்ததால. 1889ல தொடங்கின ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில வில்லியம் ஹால்ஸ்டெட்ங்கற அறுவை நிபுணர் கொண்டு வந்த முறை. இளம் டாக்டர்கள் ராப்பகலா அங்கேயே கிடக்கணும். ஹால்ஸ்டெட் மாபெரும் சர்ஜன். கோகைன் ஆராய்ச்சியில தன் மேலயே சோதிச்சு அதுக்கு அடிமையாகி, பிறகு மார்ஃபினோட போராடினவரும்கூட. தூங்காம வேலை பார்க்கிறதே தகுதின்னு நினைக்கிற இந்தப் பண்பாட்டுக்கு அவர்தான் மூத்தவர்.

17/ அமெரிக்காவுல 1984ல லிபி ஸயான்னு 18 வயசுப் பொண்ணு நியூயார்க்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்த சில மணி நேரத்துல இறந்தாங்க. பார்த்துக்கிட்டவங்க நீண்ட டூட்டியில இருந்த பயிற்சி டாக்டர்கள். அவங்க அப்பா விடாம போராடினார். நியூயார்க் மாநிலத்துல வாரம் 80 மணி நேரம்னு கட்டுப்பாடு வந்தது. 2003ல அது நாடு முழுக்க வந்தது. ஐரோப்பிய விதிப்படி பிரிட்டன்ல பயிற்சி டாக்டர்களுக்கு 2009லிருந்து சராசரியா வாரம் 48 மணி நேரம்.

18/ நம்ம ஊர்ல? ஆச்சரியப்படுவீங்க. 1992லயே மத்திய சுகாதார அமைச்சகம் எழுதி வச்சிருக்கு: ரெசிடென்ட் டாக்டருக்குத் தொடர்ச்சியா 12 மணி நேரத்துக்கு மேல வேண்டாம், வாரம் 48 மணி நேரம். 2023 பிஜி விதிமுறையில "நியாயமான வேலை நேரம்"னு போட்டாங்க. நியாயம்னா எத்தனை மணின்னு போடல. 2024ல தேசிய மருத்துவ ஆணையத்தோட பணிக்குழு வாரம் 74க்கு மேல போகக் கூடாதுன்னு பரிந்துரைச்சது. 32 வருஷத்துல 48 எப்படி 74 ஆச்சுன்னு நீங்களே யோசிங்க.

19/ நான் பார்த்த சர்ஜரி, மகப்பேறு பிஜிக்களுக்கு வாரம் 90 மணி நேரம்ங்கறது சாதாரணம். ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். வருஷத்துக்கு 50 வாரம். நம்ம சர்ஜரி பிஜி 3 வருஷம், வாரம் 90: 13,500 மணி. அமெரிக்கா 5 வருஷம், வாரம் 80: 20,000. பிரிட்டன்ல ஃபவுண்டேஷன் முடிச்ச பிறகு சுமார் 8 வருஷம், வாரம் 48: 19,200. பாருங்க, 5 வருஷமும் 8 வருஷமும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுச்சு. நாம மட்டும் தூக்கத்தையும் விட்டுட்டு, பின்னாடியும் நிக்கிறோம்.

20/ அந்த 13,500லயும் எவ்வளவு பயிற்சி? முதல் வருஷ பிஜி ரத்த சாம்பிளைத் தூக்கிட்டு லேபுக்கு ஓடுவாங்க. ஸ்கேனுக்குத் தேதி வாங்க நிப்பாங்க. காப்பீட்டுப் படிவம் நிரப்புவாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவாங்க. வேலையே கேவலம்னு சொல்லல. ஆள் பற்றாக்குறையை பிஜிக்களை வச்சு அடைச்சுட்டு, அதுக்கு "பயிற்சி"ன்னு பேர் வைக்கிறதைத்தான் சொல்றேன்.

21/ ஒரு காட்சி மறக்காது. விடிகாலை 4 மணி. விபத்துக் கேஸ், தலையில வெட்டுக் காயம். ரெண்டாம் வருஷ பிஜி தையல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. முந்தின நாள் காலையில இருந்து டூட்டி. ஊசியைப் பிடிச்ச கை அப்படியே நின்னுடுச்சு. கண்ணு திறந்துதான் இருந்தது, ஆள் தூங்கிட்டாங்க. படுத்திருந்த பெரியவர்தான் எழுப்பினார்: "அம்மாடி, நீ கொஞ்ச நேரம் படுத்துட்டு வா. நான் எங்கயும் போக மாட்டேன்." மிச்சத் தையலை நான் போட்டேன்.

22/ "நாங்கெல்லாம் 48 மணி நேரம் நின்னு பார்த்தவங்கதான், செத்தா போயிட்டோம்?"னு சீனியர்கள் கேப்பாங்க. நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். ஒரே மூச்சுல எத்தனை மணி நேரம்ங்கற கெடுபிடியைத் தளர்த்திப் பார்த்த பெரிய ஆய்வு அமெரிக்காவுல நடந்து 2016ல வெளிவந்தது. நோயாளிகளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியல. ஆனா அங்கயும் வாரம் 80ங்கற கூரை அப்படியே இருந்தது. கூரையே இல்லாத வீட்டுல உக்காந்துக்கிட்டு அந்த ஆய்வை நாம சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

23/ சரி, வருஷமும் அளவில்ல, மணியும் முழு அளவில்லன்னா எதுதான் அளவு? கை. என்ன செய்யத் தெரியும்ங்கறது. அமெரிக்காவுல பொது அறுவை போர்டு தேர்வு எழுதவே 5 வருஷத்துல குறைஞ்சது 850 ஆபரேஷன் செஞ்சிருக்கணும், அதுல 200 கடைசி வருஷத்துல. நம்ம ஊர்லயும் லாக் புக் இருக்கு. ஆனா எம்எஸ் இறுதித் தேர்வுல எழுத்துத் தேர்வு, லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா. ஒரு ஆபரேஷன் பண்ணிக் காட்டுன்னு யாரும் கேக்கறது இல்ல.

24/ அதனாலதான் ஒரே 3 வருஷம், ஒரே பட்டம், ஆனா ரெண்டு வேற டாக்டர் உருவாக முடியுது. கூட்டம் வழியுற அரசு ஆஸ்பத்திரியில மகப்பேறு படிச்சவங்க கை நூத்துக்கணக்கான பிரசவம் பார்த்த கை. படுக்கை பாதி காலியா இருக்கிற ஒரு கல்லூரியில படிச்சவங்களுக்கு அந்த வாய்ப்பு எப்படி வரும்? அது அந்தப் பிள்ளையோட குத்தம் இல்ல. ஆனா ரெண்டு பேரையும் வேறுபடுத்திப் பார்க்க உங்ககிட்ட எந்த வழியும் இல்ல.

25/ இன்னும் ஒரு துறை பாக்கி. என் துறை. பொது டாக்டர். பிரிட்டன்ல எம்பிபிஎஸ் முடிச்சு 2 வருஷம் ஃபவுண்டேஷன், அப்புறம் ஜிபி ஆக 3 வருஷம் தனிப் பயிற்சி. நம்ம ஊர்ல ஹவுஸ் சர்ஜன் முடிச்ச அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துல தனியா உக்காரலாம். தனிப் பயிற்சி எத்தனை வருஷம்? பூஜ்யம். எம்டி குடும்ப மருத்துவம்னு ஒரு படிப்பு இருக்கு. இடங்கள் ரொம்பக் குறைவு.

26/ நான் முதல் நாள் பி.எச்.சி.யில உக்காந்தப்போ பாம்புக்கடி, பூச்சிமருந்து குடிச்ச கேஸ், இடுப்பு வலி வந்த முதல் பிரசவம், சர்க்கரை ஏறின தாத்தா எல்லாம் ஒரே வாசல்லதான் வந்தாங்க. யாரை எப்போ மேல அனுப்பணும், யாரை இங்கயே பார்க்கலாம்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது 20 வருஷம் அங்கேயே இருந்த சிஸ்டர். அந்த அக்கா இல்லாத பி.எச்.சி.யில உக்காந்த என் பேட்ச்மேட்டுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பா?

27/ இதுக்கு அப்புறமும் "நீங்க வெறும் எம்பிபிஎஸ்தானா?"னு கேக்கும்போது எனக்குக் கோபம் வர்றது இல்ல. அந்தக் கேள்வியில ஒரு நியாயம் இருக்கு. ஊருக்கு ரொம்பத் தேவையான டாக்டருக்குப் பயிற்சியே வைக்காத ஒரு ஏற்பாடு, அந்த டாக்டரை மதிக்கச் சொல்லி உங்ககிட்ட எப்படிக் கேக்க முடியும்?

28/ என்ன செய்யணும்? என் கருத்து மூணு. ஒண்ணு, நீட் பிஜி, எஸ்எஸ் தேதியும் கலந்தாய்வுத் தேதியும் வருஷா வருஷம் மாறாம இருக்கணும். இதுக்குப் புது ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். காலண்டரை மதிச்சாப் போதும். எவ்வளவு பயிற்சி வருஷம் கூட்டலாம்னு பேசறதுக்கு முன்னாடி, வீணாப் போற வருஷத்தை மீட்டுக் கொடுங்க.

29/ ரெண்டு, வேலை நேரத்துக்கு ஒரு எண்ணை எழுதி, மீறினா யார் பொறுப்புன்னும் எழுதணும். லேபுக்கு ஓடவும் படிவம் நிரப்பவும் ஆள் போடணும். அப்போ அதே 3 வருஷத்துல நிஜப் பயிற்சி கூடும். மூணு, வெளிய அனுப்பும்போது கையைச் சோதிக்கணும். அதுக்கு அறுவைத் துறைகளுக்கு 4 வருஷம், 5 வருஷம் தேவைன்னா, முழுச் சம்பளத்தோட கொடுக்கணும். காத்திருந்து கழியற வருஷம் குறைஞ்சா, படிச்சுக் கழிக்கிற வருஷம் யாருக்கும் பாரமாத் தெரியாது.

30/ நோயாளியா நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அவசரமில்லாத ஆபரேஷன்னா, பேருக்குப் பின்னாடி எத்தனை எழுத்துன்னு எண்ணாதீங்க. "டாக்டர், இதே ஆபரேஷனை எத்தனை தடவை செஞ்சிருக்கீங்க?"ன்னு மரியாதையா கேளுங்க. செஞ்சவர் சொல்லிடுவார். கோபப்பட்டா, அதுவும் ஒரு பதில்தான். அப்புறம், ராத்திரி 4 மணிக்கு வார்டுல கண்ணு சிவந்து நிக்கிற பிஜியைப் பார்த்தா, கத்தறதுக்கு முன்னாடி எப்போ தூங்கினீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

31/ அடுத்த டூட்டியில அண்ணனைக் கூப்பிட்டு உக்கார வச்சு, மேல சொன்ன நிஜக் கணக்கைச் சொன்னேன். பொண்ணுக்கு 33, 34 ஆகும். நீங்க ரிட்டயர் ஆகும்போது அவ எம்எஸ் முடிக்கிற நிலையில இருந்தாலே நல்ல வேகம். நடுவுல சம்பளமில்லாத காத்திருப்பு வரும், அதுக்கு இப்பவே கொஞ்சம் எடுத்து வைங்க. அரசு சர்வீஸ் வழியும் இருக்கு, அதுல தூரம் கூடும். எல்லாத்தையும் சொன்னேன்.

32/ அவர் கொஞ்ச நேரம் பேசல. ஸ்ட்ரெச்சர் கைப்பிடியைத் துணியால துடைச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "சரி டாக்டர். இதைப் பொண்ணுகிட்ட இப்போ சொல்ல வேணாம். அவ படிக்கட்டும்." கேட்ல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

33/ வீட்டுல எம்பிபிஎஸ் படிக்கிற பிள்ளை இருந்தா இந்த த்ரெட்டைப் பிள்ளைக்கு அனுப்பாதீங்க, அப்பா அம்மாவுக்கு அனுப்புங்க. பிள்ளைங்களுக்குத் தேர்வுத் தேதியை மட்டும் மாத்தாம இருந்தாப் போதும். மிச்சத்தை அவங்க பார்த்துக்குவாங்க.